பெல்ட் பிடிக்கும் இடம்

சேகரம் உடுப்புப் போட்டு முடிக்க எப்படியும் நாற்பது நிமிடம் எடுக்கும். அதற்குள் ஸ்பிரிங்கை மாற்றிவிடலாம். மாற்றாமலே மூடிவிட்டு, இவ்வளவுதான் செய்ய முடிந்தது என்றும் சொல்லிவிடலாம். லோஜினி சொன்னால் அவர் நம்புவார், முப்பது வருடத்தில் ஓர் இயந்திரத்தைப் பற்றி அவள் சொன்னதை அவர் ஒருநாளும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, பெப்ரவரி. ஒன்ராறியோவின் வடக்கே, நெடுஞ்சாலை ஏரிக்கரையைத் தொட்டுத் திரும்பும் ஒரு சின்ன ஊரில், அவர்களுடைய பெற்றோல் நிலையத்தோடு ஒட்டியிருந்த பட்டறைக்குள் அவள் முழங்காலில் நின்று கணவனுடைய ஸ்னோமொபைலின், பனிமேல் ஓடும் வண்டியின், பக்கத் தகட்டைக் கழற்றினாள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது, திறந்து வைத்தது அவள்தான், சத்தம் கேட்பதற்காக. கதிரை இழுபடுகிறது, சரி, இப்போது உள்காற்சட்டை. கைத்தடி சுவரில் சாய்கிறது, சரி, அது நழுவி விழாது, போன கிழமை சுவரில் ஒரு கொளுவி அடித்துக் கொடுத்தாள். உதவிக்குப் போகக்கூடாது. கார்த்திகையிலிருந்தே, உடுப்பு விஷயத்தில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார், சொன்னாரென்றால் வாயால் அல்ல, அவள் பொத்தான் பூட்டப் போனபோது அவளுடைய விரல்களை இடக்கையால் மெதுவாக எடுத்து அவளுடைய மடியிலேயே வைத்துவிட்டார், ஏதோ அவள் மறந்துவிட்டுப் போன சாமானைத் திருப்பிக் கொடுப்பது போல. நாற்பது நிமிடம். எடை கூடின வெளிக்காற்சட்டைக்கு மட்டும் பதினைந்து. அவள் பெல்ட்டைக் கழற்றி எடுத்து, ஓரங்கள் பளபளத்துத் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேயவில்லை. தேய்ந்திருந்தால் நன்றாயிருக்கும். பெல்ட் சரியில்லை, புதுசு வரவேண்டும், அதுவரை ஏரிப்பக்கம் போகமுடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது நல்ல பெல்ட், இன்னும் மூன்று வருடம் ஓடும், ரப்பர் மணம் கூட மாறவில்லை.

மூவாயிரத்து எண்ணூறு. எல்லாம் அந்த எண்ணில்தான் வந்து நிற்கிறது. அவள் தலைக்குள் அது ஒரு கிழமையாக வீட்டு இலக்கம் போலக் கிடக்கிறது. இந்த வண்டியின் கிளட்ச் இரண்டு உலோகத் தட்டுகள்தான், எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது நடுவிலிருக்கும் ஸ்பிரிங் அவற்றை விலக்கிப் பிடித்திருக்கும், இடையில் பெல்ட் தளர்ந்து கிடக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற உள்ளேயிருக்கும் எடைத்துண்டுகள் வெளியே விரியப் பார்க்கும், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தோற்றுப்போகும், தட்டுகள் நெருங்கிப் பெல்ட்டைக் கவ்வும், வண்டி நகரும். அந்தக் கட்டம்வரை வெறும் சத்தம், ஓர் அங்குலம் அசையாது. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் அந்தக் கட்டம் பிந்தி வரும், வரும்போது பாய்ச்சலாக வரும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் சேகரத்துக்குப் பாய்ச்சல் பிடித்திருந்தது. முயல் வெளிக்கிட்ட மாதிரி வெளிக்கிட வேணும் லோஜி, என்றார். அவள்தான் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு நிமிடத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு சுற்றில் பெல்ட் பிடிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தாள், அவர் கண்ணாடித் தொப்பிக்குள்ளே சிரித்துக்கொண்டு ஏரிக்கு மேலே ஒரு புள்ளியாகப் போனார். அப்போது அவருக்கு வலது பெருவிரல் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இருக்கிறதென்று என்ன, வடிவாகத்தான் இருக்கிறது, நகம்கூட அவள்தான் வெட்டிவிடுகிறாள், ஆனால் ஆடி மாதத்துப் பாரிசவாதத்துக்குப் பிறகு அந்த விரலுக்குள் பலம் அரைவாசிக்கு மேல் வருவதில்லை. இந்த வண்டிக்கு வேகம் கொடுக்கிற நெம்பு வலது கைப்பிடியில், பெருவிரலால் அமத்துவது. இடக்கைப் பக்கம் மாற்றித் தரட்டா என்று கேட்டாள், அங்கே பிரேக் இருக்கிறது, ஒரே கையால் போகவும் நிற்கவும் ஏலாது என்று அவர் தலையாட்டினார், அது சரிதான்.

போன ஞாயிறு முற்றத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். நாடாவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார், ஆள் விழுந்தால் எஞ்சின் நின்றுவிடுகிற நாடா. பெருவிரல் அமத்தியது, சுற்றுக் காட்டுகிற முள் இரண்டாயிரம், இரண்டாயிரத்து எழுநூறு, மூவாயிரம், முள்ளும் நடுங்கியது விரலும் நடுங்கியது, எது எதை நடுக்கியதோ, மூவாயிரத்து இருநூறு, பிறகு விரல் தானாகத் தளர்ந்து முள் விழுந்தது. திரும்பவும். திரும்பவும். ஐந்தாவது தரம் பொறுமை கெட்டு உள்ளங்கையின் அடியால் ஓங்கி அழுத்திவிட்டார், முள் ஒரேயடியாக ஏற, பெல்ட் கவ்வ, வண்டி யாரோ பின்னால் உதைத்தது போலப் பாய்ந்தது, அவர் பின்புறமாகப் பனிக்குள் விழுந்தார். நாடா இழுபட்டு எஞ்சின் நின்றது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறார், வானத்தைப் பார்க்கிறார், முகத்தின் ஒரு பாதி சிரிக்கிறது. "நல்லா... கிடக்கு," என்றார். அந்தப் பாதிச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை, அழுத்தமாகத் தூக்கி நிமிர்த்தினாள், தேவைக்கு மேலே அழுத்தமாக. "ஸ்பிரிங்கை மாத்தவேணும். மெல்லிசு ஒண்டு எடுப்பிக்கிறன். அது வரட்டும்," என்றாள். அது உண்மை. அன்று பின்னேரமே எடுப்பித்தாள். செவ்வாய்க்கிழமை வந்தும் விட்டது, கூரியர்காரன் பம்படியில் வைத்தே கையில் தந்தான், அவள் அந்தச் சின்னப் பெட்டியைப் பிரிக்காமல் மேசையின் மூன்றாவது இழுப்பறையில், பழைய காபரேற்றர்த் துண்டுகளுக்குக் கீழே வைத்தாள். வைக்கும்போது வைக்கிறோம் என்றே நினைக்கவில்லை. கை வைத்தது. அன்று மத்தியானம், வந்ததோ என்று அவர் கேட்டபோது இல்லை என்று வாய் சொன்னது. புதன்கிழமையும் கேட்டார். இல்லை. வியாழனிலிருந்து கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தாள், இப்போதெல்லாம் சில விஷயங்கள் அவரிடமிருந்து நழுவுகின்றன, மறந்துவிட்டார் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள்ளே ஏதோ லேசானது, அப்படி லேசானதை நினைக்க இப்போது வெட்கமாயிருந்தது.

கிளட்ச் மூடியில் ஆறு போல்ட். மூடிக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறினாள், திருப்பிப் பூட்டும்போது அதே இடத்தில் வரவேண்டும், இல்லாவிட்டால் சுற்றும்போது உதறும். ஒரு போல்ட்டை அரைச்சுற்று, எதிர்ப்பக்கம் இருப்பதை அரைச்சுற்று, உள்ளே ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது, ஒரே பக்கமாகத் தளர்த்தினால் மூடி சரிந்து கடிக்கும். அமுங்கி இருக்கிற எதையும் மெதுவாகத்தான் விடவேண்டும். இது கல்லூரியில் படித்தது, முப்பத்துநாலு வயதில், பதினொரு பெடியன்களுக்கு நடுவே ஒரேயொரு பெண்ணாக இருந்து, குழந்தையை சேகரம் கடையில் வைத்துப் பார்க்க. அதற்கு முந்தியே அவளுக்கு எஞ்சின்கள் பழக்கம்தான். போரில் பெற்றோல் வராத காலம், யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின, ஆனால் மண்ணெண்ணெயில் வெளிக்கிடாது, நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, பிடித்தவுடனே மாற்றிவிட வேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த ஒரு மெலிந்த மனிசன் அவர்கள் வீட்டுப் படலையடியில் வண்டி நின்றுபோய், வெள்ளைப் புகைக்கு நடுவே நின்றுகொண்டு, நாலு துளி கிடைக்குமோ என்று கேட்டான். அவள் அப்பாவின் போத்தலிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், நீங்கள் விடுகிற இடம் பிழை, இஞ்சை விடுங்கோ என்று தானே விட்டாள், ஒரே உதையில் பிடித்தது. அடுத்த கிழமை கண்மருந்துப் புட்டி ஒன்றில் சரியாக நாலு துளி பெற்றோல் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தான். அந்த மனிசன்தான் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சப்பாத்தோடு மல்லுக்கட்டுகிறான். சப்பாத்துச் சத்தம்தானே அது? தடார் என்றல்லவா கேட்டது. அவள் போல்ட் கழற்றும் திறப்பைப் போட்டுவிட்டு எழும்பினாள், கதவுவரை போனாள், நின்றாள். உள்ளே அவர் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார், பிறகு சிரித்தார். விழுந்தது சப்பாத்துத்தான். அவள் திரும்பி வந்து முழங்காலில் நின்று திறப்பை எடுத்தாள்.

சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்றால் அவளுடைய சிரிப்பு, ஆடி மாதத்துக் காலை, அதை நினைக்கக்கூடாது என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அதற்குள்ளேதான் போகிறது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றவர் டப்பாவைக் காட்டி, அந்த, அந்த, என்றார். எந்த, என்றாள். அந்த, என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தாள், அவர் விளையாடுகிற ஆள்தான், சீனி எண்டு சொல்லுங்கோ, சீ, னி, என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், ஒரு பாதிதான் வந்தது. ஒரு நிமிடம் சிரித்திருப்பாளா? கூட இருக்காது. அரை நிமிடம். டாக்குத்தர் பிறகு சொன்னார், நீங்கள் வெகு கெதியாகக் கொண்டுவந்தீர்கள், அதனால்தான் இந்த அளவோடு போனது என்று. அந்த அரை நிமிடத்தை அவள் டாக்குத்தருக்குச் சொல்லவில்லை. மகள் அபிராவுக்கும் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும், பார்த்துக்கொண்டுதானே நின்றார். இங்கிலிஷ் முதலில் போனது, முப்பது வருடம் கடையில் கதைத்த இங்கிலிஷ் ஒரே காலையில் போய், பிறகு துண்டு துண்டாக வந்தது. தமிழ் நின்றது, ஆனால் பெயர்ச்சொற்கள் மட்டும் ஒளித்துப் பிடித்து விளையாடின. ஏரிக்கு நடுவிலே ஏதும் நடந்து, அந்த, அந்த, என்று அவர் சொல்லும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள்? ரெய்மோ இருப்பார். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரத்தோடு ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற பக்கத்துக்காணிக்காரர், பன்னிரண்டு மணிக்கு வருகிறேன், முன்னுக்குப் போய் வழி காட்டுகிறேன், என் பின்னாலே மெதுவாக வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஐஸ் அரை மீற்றர் தடிப்பு, ரெய்மோவே துளைத்து அளந்தார். டாக்குத்தரும் சம்மதம், தனியப் போகவேண்டாம், வேகமாகப் போகவேண்டாம், மற்றப்படி போகட்டும் என்றார், விரும்பின வேலையைச் செய்தால்தான் கை திரும்பும் என்று. எல்லோரும் சம்மதம். அபிரா மட்டும் நேற்று ஒட்டாவாவிலிருந்து போன் எடுத்து, "அம்மா, வண்டி இன்னும் சரிவரேல்லை எண்டு சொல்லுங்கோவன். அப்பா நம்புவார்," என்றாள். அவள் சொன்னதும் லோஜினிக்குக் கோபம் வந்தது, அப்பாவை ஏமாத்தச் சொல்லுறியோ என்று கேட்டுவிட்டாள். கேட்கும்போது பெட்டி மூன்றாவது இழுப்பறையில் கிடந்தது.

பயம் மட்டும் என்றால் சொல்லலாம். பயத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, எவருக்கும் சொல்லலாம். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது, ஆறாவது போல்ட்டைத் தளர்த்தும்போது அது அவளுக்குத் தட்டுப்பட்டது. இந்த ஏழு மாதமும் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படி நினைத்தவுடனே கையை எடுத்துக்கொண்டாள், சூடு பட்டது போல. இல்லை, அவருக்கு வந்த வருத்தம் பிடித்திருந்ததென்று இல்லை. ஆனால் முப்பது வருடம் அவர் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார், கடைக்குச் சாமான் எடுக்க, ஏரிக்கு, ரெய்மோவின் கொட்டிலுக்கு, மரம் தறிக்க, வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போகிற மனிசன். இப்போது வீட்டில் இருக்கிறார். அவள் பட்டறையிலிருந்து நிமிர்ந்தால் கதவிடுக்கால் அவருடைய தோள் தெரிகிறது. பின்னேரத்தில் அவளுடைய மேசையடியில் வந்திருந்து இடக்கையால் போல்ட்டுகளை அளவுபார்த்துப் பிரிக்கிறார், கை வைத்தியத்துக்காக, பெரிது பெரிதோடு சின்னது சின்னதோடு, ஒன்றும் கதைக்காமல் இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம். அவள் தலை வாரிவிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஒருநாள் அவள் முன்னுக்குப் பம்படியில் ஒரு லொறிக்காரனோடு நேரம் பிடித்து நின்றுவிட்டு வந்தபோது, கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். தன்னைப் பார்த்துக்கொண்டு ஒருவர் இருப்பது. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக. இந்த விறைப்பான ஸ்பிரிங்கை உள்ளேயே விட்டுவிட்டால் அது நீளும், ஒரு மாரி, இன்னொரு மாரி, அந்த விரல் மூவாயிரத்து இருநூறுக்கு மேலே போகாது, அவளுக்குத் தெரியும், அவளைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. யாருக்கும் நோகாது. ஒரு கதவைப் பூட்டுகிறோம் என்ற சத்தம்கூட வராது. அவளுக்குத் தன்னை நினைக்கக் குளிர்ந்தது. முற்றத்துப் பனியில் மல்லாந்து கிடந்த முகம், நல்லா கிடக்கு என்று சொன்ன பாதி வாய். அது பாதியல்ல, ஏழு மாதத்தில் அவர் முழுதாகச் சிரித்தது அந்த ஒருநாள்தான். மற்றப் பாதி வரமுடியாமல் நின்றது, அவ்வளவுதான்.

அவள் எழும்பி மூன்றாவது இழுப்பறையைத் திறந்தாள். காபரேற்றர்த் துண்டுகளை விலக்கினாள், பெட்டியை எடுத்தாள், வெட்டுகிற கத்தியைத் தேடிக்கொண்டே பெட்டியைத் திருப்பினாள், கை நின்றது. ஒட்டுநாடா ஏற்கெனவே கிழிபட்டிருந்தது. கிழித்த பிறகு திரும்ப ஒட்டியிருந்தார்கள், கோணலாக, சுருக்கங்களோடு, ஓர் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். பல்லுப் பட்ட அடையாளம். வலக்கை பிடிக்க இடக்கை இழுக்க முடியாத ஒருவர், ஒட்டுநாடாவைப் பல்லால்தான் கிழிப்பார். வெளித்தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசித்திருப்பார், இங்கிலிஷ் எழுத்துகள் இப்போது அவருக்கு வருகின்றன, மெதுவாக. வாசித்து, பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, ஒட்டி, அதே துண்டுகளுக்குக் கீழே அதே இடத்தில் வைத்துவிட்டு, வெளியே வந்து போல்ட்டுகளைப் பிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வியாழனிலிருந்து கேட்கவில்லை. மறக்கவில்லை. அவள் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லொறி போய் அதன் அதிர்வில் ஆணிப்பலகையில் தொங்கிய திறப்புகள் எல்லாம் ஒருதரம் கிலுங்கின.

பிறகு வேலை செய்தாள். வேலை செய்கிற கைகளுக்கு அவமானம் தெரியாது, அது ஒரு நன்மை. பழைய விறைத்த ஸ்பிரிங்கை எடுத்தாள், புதியதை வைத்தாள், விரலால் அமத்திப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, தட்டுகளின் முகத்தைச் சுத்தத் துணியால் துடைத்தாள், எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது, கோட்டுக்குக் கோடு சேர்த்து மூடியைப் பூட்டினாள், பெல்ட்டைப் போட்டாள், பெரிய கதவை உயர்த்தி வண்டியை முற்றத்துக்குத் தள்ளினாள். குளிர் மூக்குக்குள்ளே ஊசி போலப் போனது. எஞ்சினை எழுப்பி, ஏறியிருந்து, தன்னுடைய பெருவிரலை அவருடைய பெருவிரலாக நினைத்துக்கொண்டு, பலமில்லாத விரலாக நினைத்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக. இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பதிலேயே பெல்ட் பிடித்துவிட்டது. வண்டி வழுக்கி நகர்ந்தது, பாய்ச்சல் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் விரலை எடுத்த பிறகும் வண்டி நகர்ந்தது. குளிர் எஞ்சின், சும்மா நிற்கும்போதே வேகமாக உறுமும், அந்த உறுமலே பெல்ட்டை இலேசாகக் கவ்வப் போதுமாயிருந்தது. ஓர் அடி, இரண்டு அடி. அவர் இறங்கிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கும்போது வண்டி தன்பாட்டில் போய்விடும், அல்லது அவர் மேலேயே வரும். இதுவும் ஆகாது. இவ்வளவு விட்டுக்கொடுக்கவும் கூடாது. திரும்ப உள்ளே கொண்டுவந்து, மூடியைத் தளர்த்தத் தொடங்கியபோது கைத்தடியின் சத்தம் கதவைத் தாண்டி வந்தது.

சேகரம் முழுதாக உடுத்திருந்தார். நீலக் காற்சட்டை, பெரிய மேலங்கி, கழுத்துத் துண்டு ஒரு சுற்றுக் கூடச் சுற்றி நாடியை மூடியிருந்தது. சப்பாத்து நாடாக்களைக் கட்டாமல் உள்ளே செருகியிருந்தார். மேசையடி முக்காலியில் வந்திருந்து, மேசைமேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் லோஜினி, நிமிராமல். "உந்தப் பெட்டியை எப்ப கண்டனீங்கள்?"

அவர் யோசித்தார். நாட்களின் பெயர்களும் பெயர்கள்தான், அவையும் ஒளிக்கும். "புதன்," என்றார் கடைசியில். "புதன்... பின்னேரம்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால்..." அவருடைய இடக்கை காற்றில் ஒரு சொல்லைத் தேடியது. "கேட்டால் நீர் இன்னொரு பொய்... சொல்லவேணும். உமக்குக் கரைச்சல்."

அவள் திறப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். போல்ட்டைப் பார்த்தாள், போல்ட் தெரியவில்லை, கண்ணுக்குள் நீர் நின்றது. துடைத்தால் கையிலுள்ள கரி முகத்தில் படும் என்று துடைக்கவில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள்.

"எனக்கும்தான்."

"நீங்கள் பயப்பிடுறியளோ?"

"ஓம். விழுந்தன் தானே." பாதி முகம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. "லோஜி. நீர் வேண்டாம் எண்டால்... வேண்டாம். அதைத் திருப்பிப்... போடும். பழசை. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

உண்மையாகத்தான் சொன்னார். முக்காலியில் அவ்வளவு உடுப்போடும் இருந்துகொண்டு, நாற்பது நிமிடம் பாடுபட்டுப் போட்ட உடுப்போடு இருந்துகொண்டு. வேண்டாம் என்றால் எழும்பிப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றுவார், அதற்கும் நாற்பது நிமிடம். அன்றைக்கு நான் சிரிச்சனான், என்று அவளுக்குச் சொல்ல வந்தது, சீனி டப்பா, அரை நிமிடம், தொண்டைவரை வந்தது. நீங்கள் வீட்டில் இருக்கிறது எனக்குப் பிடிச்சிருந்தது என்பதும் அதன் பின்னாலேயே வந்தது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் வாயைத் திறந்தாள். "அண்டைக்கு நான் சிரிச்சனான்," என்றாள். "நீங்கள் சீனியைக் காட்டேக்கை."

அவர் அவளைப் பார்த்தார். "தெரியும்," என்றார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அப்ப. நீர் சிரிச்சது மட்டும்தான்... விளங்கினது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பயமில்லாமல் இருந்தது."

பட்டறைச் சூடேற்றி ஒருதரம் உறுமி அடங்கியது. அவள் மூக்கைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"கதையை விட்டிட்டு இஞ்சை வாங்கோ," என்றாள். "இந்த மூடியை அமத்திப் பிடியுங்கோ. உள்ளுக்கு ஒரு வளையம் வைக்கவேணும்."

மெல்லிய உலோக வளையங்கள், நாணயத்தை விடத் தடிப்புக் குறைந்தவை, ஸ்பிரிங்குக்கு அடியில் ஒன்று வைத்தால் அது அவ்வளவு கூட அமுங்கும், பெல்ட் நூற்றைம்பது, இருநூறு சுற்றுப் பிந்திப் பிடிக்கும். ஒன்று வைத்தாள். யோசித்து இரண்டாவதும் வைத்தாள். அவர் முழங்காலில் இருக்க முடியாது, முக்காலியை இழுத்துக்கொண்டு வந்து குனிந்து, இடது உள்ளங்கையால் மூடியை அமத்தினார். அமத்தியபடி வலக்கையையும் தூக்கி, இடக்கையின் முதுகில் வைத்தார். அதற்குப் பெரிய பலமில்லை, ஆனாலும் வைத்தார். அவள் அவருடைய விரல்களுக்கு இடையால் போல்ட்டுகளைப் பூட்டினாள், ஒரு பக்கம் அரைச்சுற்று, எதிர்ப்பக்கம் அரைச்சுற்று. அவருடைய மூச்சு அவளுடைய காதடியில் பட்டது, காலை போட்ட தேத்தண்ணியின் இஞ்சி மணம். முற்றத்துக்குக் கொண்டுபோய் இந்தத் தரம் அவள் ஏறவில்லை. அவர் ஏறினார், அவள் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தாள். பெருவிரல் அமத்தியது. இரண்டாயிரத்து இருநூறு, ஐந்நூறு, எழுநூறு. விரல் நடுங்கத் தொடங்குகிற இடம் அவளுக்கு மனப்பாடம், அது இன்னும் வரவில்லை. இரண்டாயிரத்துத் தொளாயிரத்தில் பெல்ட் கவ்வியது, சத்தத்தில் ஒரு சின்னத் தாழ்வு, பாரம் ஏற்றுக்கொள்கிறபோது வருகிற தாழ்வு, வண்டி நகர்ந்தது. அவள் பக்கத்திலேயே நடந்தாள், பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தாள். விரலை எடுத்தார், வண்டி நின்றது. நின்ற இடத்தில் நின்றது, ஓர் அங்குலம் ஊரவில்லை.

ரெய்மோ சொன்ன நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முந்தியே வந்துவிட்டார். அவள் சப்பாத்து நாடாக்களைக் கட்டினாள், இந்தத் தரம் அவர் காலைத் தானாக நீட்டினார். எஞ்சின் நாடாவை மணிக்கட்டில் கட்டினாள், தொப்பியின் கண்ணாடியை இறக்கிவிட்டாள், இறக்கிய பிறகு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ரெய்மோ முன்னுக்குப் போனார். சேகரம் பின்னுக்குப் போனார், கரையிறக்கத்தால் இறங்கி, நாணல் தட்டைகளைத் தாண்டி, ஏரிக்கு மேலே. வெயில் பட்டு ஏரி முழுக்கக் கண் கூசியது. அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள், சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அவளுக்கு நிச்சயம். நூறு மீற்றர். நூற்றைம்பது. அப்போது பின்வண்டியின் சத்தம் விழுந்தது.

சேகரம் நின்றுவிட்டார். ரெய்மோ திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். சேகரத்தின் தலை குனிந்திருந்தது, அசையவில்லை, எஞ்சின் மட்டும் தனியே உறுமியது. அவள் ஓடினாள். மேலங்கி இல்லை, கையுறை இல்லை, பட்டறைச் சப்பாத்து ஐஸில் வழுக்கியது, அந்த, அந்த, என்று அவர் சொல்வது காதுக்குள் கேட்டது, அரை நிமிடம், இந்தத் தரம் அரை நிமிடம்கூட விடமாட்டேன், நாணல் தட்டைகள் காற்சட்டையைப் பிடித்து இழுத்தன, குளிர் மூச்சைக் குத்தியது. அறுபது அடி ஓடியிருப்பாள். வண்டி நகர்ந்தது. மெதுவாக, வழுக்கினாற்போல, சத்தத்தில் அந்தச் சின்னத் தாழ்வோடு. பத்து மீற்றர் போனது, திரும்ப நின்றது. அவளும் நின்றாள். அவருடைய தலை இன்னும் குனிந்துதான் இருந்தது, கைப்பிடியைப் பார்த்து, பெருவிரலைப் பார்த்து. எஞ்சின் ஏறியது, ஏறியது, பெல்ட் கவ்வியது, வண்டி புறப்பட்டது. விரலை எடுத்தார், நின்றது. திரும்ப. புறப்படுவதற்காகவே நின்றார். போய்ச் சேருகிற அவசரம் அவருக்கு இல்லை, அந்த ஒரு இடத்தைத்தான், வெறும் சத்தம் போக்காக மாறுகிற அந்த இடத்தை, திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஐம்பத்தேழு வயது மனிசன், ஏரிக்கு நடுவிலே.

ஆறாவது தரம் நிற்கவில்லை. தலை நிமிர்ந்தது, வண்டி நேராகப் போனது, தூரத்தில் காத்துக்கொண்டு நின்ற ரெய்மோவை நோக்கி. லோஜினி கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து காற்றோடு போகும்வரை ஐஸில் நின்றாள். பிறகும் கொஞ்சம் நின்றாள்.